பாம்பின் நாவா? சுறாவின் பல்லா?

மால்டா தீவிலே பாறையைப் பெயர்த்தால், முக்கோண வடிவிலே, வழவழப்பாய், கூர்முனையோடு கற்கள் கிடைக்கும். நாக்குக்கல் என்று அவற்றுக்குப் பெயரிட்டிருந்தனர் ஐரோப்பியர். பவுல் அடிகளைப் பாம்பு தீண்டிற்றாம், அவர் சபித்தாராம், தீவிலுள்ள பாம்புகளின் நாவெல்லாம் கல்லாய்ச் சமைந்தனவாம்! நம்பினர். நம்பியதோடு நின்றனரா? தாயத்தாக்கிக் கட்டிக்கொண்டனர். நஞ்சு முறியுமென்று மதுக்கிண்ணத்திலே தோய்த்தனர். ஏழை மட்டுமல்ல, ஏடு கற்ற பிரபுவும்தான்!

1666 அக்டோபரில், இத்தாலியின் லிவோர்னோ கடலோரத்திலே மீனவர் வலையிலே சிக்கியது ஒரு பெருஞ்சுறா. அதன் தலை டஸ்கனிக் கோமகன் இரண்டாம் பெர்டினாண்டின் ஆணைப்படி பிளாரன்சு நகர் வந்தது. அறுத்து ஆராயும் பணி, 28 வயது டென்மார்க்கு இளைஞர் நீல்ஸ் ஸ்டென்சனிடம் தரப்பட்டது. ஸ்டெனோ என்று உலகம் அழைக்கும் அவர், கோபன்ஹேகன் நகரத்துப் பொற்கொல்லர் ஒருவரின் மகன். உமிழ்நீர் கன்னத்துக்கு வரும் குழாயைக் கண்டுகாட்டி, மருத்துவ உலகிலே முன்பே பெயர் பெற்றவர்.

சுறாவின் வாயைத் திறந்தார். வரிசை வரிசையாய்ப் பற்கள். பல்லைப் பார்த்தார், நாக்குக்கல்லைப் பார்த்தார், அதே வடிவம்! கொலோன்னா என்ற இத்தாலியர் 1616-லேயே இதைச் சொன்னார். முதல் மாலை அவருக்கே உரியது என்பதை நாம் மறைக்கவில்லை. ஆனால் ஸ்டெனோ அடுத்த கேள்வியையும் கேட்டார்: கடல்மீனின் பல் மலைப்பாறைக்குள் நுழைந்தது எப்படி? கல் மண்ணிலே தானே வளர்கிறது என்றனர் கற்றோர். வளருமானால் சுற்றியுள்ள பாறை பிளந்திருக்க வேண்டாமா? எந்த மண்ணிலே எடுத்தாலும் ஒரே வடிவாய் இருப்பானேன்? ஆகவே, பாறை ஒரு காலத்திலே நீரடியில் படிந்த சேறு, பல் அதிலே புதைந்தது, சேறு இறுகிற்று. 1667-ல் இதை வெளியிட்டார். 1669-ல் இன்னொரு நூல்: அடியிலுள்ள அடுக்கு முந்தியது, மேலுள்ளது பிந்தியது. எளிய வாசகம்தான். ஆயினும் மண்ணியல் அறிஞர் இன்றும் பூமியின் வரலாற்றைப் படிப்பது அந்த வரிசையிலேதான்.

அந்த 1669 நூலிலேயே நோவா காலத்து வெள்ளத்தையும் அவர் விட்டுவிடவில்லை. வேதத்தோடு முட்டாமல் பார்த்துக்கொண்டார். பின்னர் கத்தியையும் கல்லையும் ஒதுக்கினார். 1675-ல் பாதிரியார், 1677-ல் ஆயர். பட்டும் பகட்டும் வேண்டாமென்று வறியோருக்கு வாரி வழங்கி, உண்ணா நோன்பிலே உடலை வாட்டினார். அந்த நேர்மையை நாம் குறைகூறோம். ஆனால் 1669 நூல் வெறும் முன்னுரை; விரிந்த நூல் பின்னால் வரும் என்று வாக்களித்திருந்தாரே, அது வரவேயில்லை. 1686-ல், 48 வயதில், ஜெர்மனியின் ஷ்வெரின் நகரிலே மறைந்தார். 1988-ல் போப்பாண்டவர் அவருக்கு அருளாளர் பட்டம் சூட்டினார். பற்களை ஆராய்ந்ததற்காக அல்ல, பக்திக்காக!