ஆட்கொல்லிப் புலிக்குப் பரண் கட்டிய கென்னத் ஆண்டர்சன்: யார் இவர்?

மதுரை மாவட்டம் சாப்டூர் பக்கம் மலையடிவாரத்துல மக்காச்சோளம் போட்டவங்களுக்கு ராத்திரி நேரப் பரண் காவல் புதுசு இல்லை. காட்டுப் பன்றியை விரட்டத்தான் அந்தப் பரண். ஒரு காலத்தில் ஆட்கொல்லிப் புலிக்காகவும் இதே மாதிரி பரண் கட்டிக் காத்திருந்தார்கள். அப்படிப் பல இரவுகளைக் கழித்தவர் கென்னத் ஆண்டர்சன்.

யார் இவர்?

ஸ்காட்லாந்து வம்சாவளிக் குடும்பம். 1910-ல் ஹைதராபாத் அருகே பொலாரத்தில் பிறந்தார். படிப்பு பெங்களூருவில், பிறகு அங்கேயே விமானத் தொழிற்சாலையில் வேலை. லீவு கிடைத்தால் காட்டுக்குக் கிளம்பிவிடுவார். ஜவளகிரி, ஏலகிரி, நீலகிரி அடிவாரத்து சீகூர் எல்லாம் அவருக்கு அத்துப்படி. தருமபுரிக் காட்டில் பழக்கமான பைரா என்ற பழங்குடி வேட்டைக்காரரைத் தன் ஆசானாகவே மதித்தார். 1939 முதல் 1966 வரை 7 ஆட்கொல்லிப் புலிகளையும் 8 சிறுத்தைகளையும் சுட்டதாக அரசுப் பதிவு சொல்கிறது.

பரண் ஏன் முக்கியம்?

அடித்த இரையைத் தின்ன புலி பெரும்பாலும் திரும்ப வரும். பக்கத்து மரத்தில் காத்திருந்து சுடுவதுதான் முறை. பரண் லேசாகக் கிறீச்சிட்டாலும் போச்சு, புலி வராது. கட்டு அவிழ்ந்தால் இன்னும் மோசம், விழுவது புலிக்கு முன்னால்தான். அதனால் மூங்கில் சட்டத்தில் அகல நாடா பின்னிய மடக்குக் கட்டில் ஒன்றை ஆண்டர்சன் கூடவே கொண்டு போவார். கிளைகளுக்கு நடுவே கயிற்றால் இறுக்கிக் கட்டிவிட்டால் சத்தம் வராது, இடுப்பும் வலிக்காது.

வேட்டைக்காரர்கள் எதையெல்லாம் கவனித்தார்கள்?

பட்ட மரத்தைத் தொடவே மாட்டார்கள். உயிருள்ள மரத்தில், தடித்த கிளைகளில்தான் பரண். மறைப்புக்கு வேண்டிய தழையைத் தள்ளிப் போய் வெட்டி வருவார்கள். இருட்டும் முன்பே வேலை முடிந்துவிடும். ஏறும்போது துப்பாக்கியில் தோட்டா இருக்காது. மேலே போன பிறகு கயிறு கட்டித் தூக்கிக்கொள்வார்கள். எவ்வளவு அவசரமானாலும் விடியும் முன் இறங்குவதில்லை. சுட்ட புலி செத்துவிட்டது என்று நம்பி இறங்கி உயிரை விட்டவர்கள் உண்டு.

பிறகு என்ன ஆனது?

தன் அனுபவங்களை 1954 முதல் புத்தகங்களாக எழுதினார் ஆண்டர்சன். காடு அழிவதைப் பற்றிய கவலையும் அவற்றில் இருக்கிறது. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இரண்டு வருஷம் கழித்து, 1974 ஆகஸ்டில் பெங்களூருவில் அவர் காலமானார்.

2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. சாப்டூர் காடும் அதில் அடக்கம். வேட்டைப் பரணுக்கு இன்று அங்கே இடமில்லை. காவல் பரண் மட்டும் இருக்கிறது. ராத்திரி அதில் ஏறுபவருக்கு மரம், கயிறு, இருட்டு மூன்றிலும் அன்றைய எச்சரிக்கை இன்றைக்கும் தேவை.