காசில் அழிந்த பெயர்

ஒரு செப்புக் காசு. மதிப்பு ஒரு சென்ட். நூறு காசு சேர்ந்தால்தான் ஒரு டாலர்!

ஆனால் 1909-ம் ஆண்டுக் காசு ஒன்றில், ஆண்டுக்குக் கீழே "எஸ்" என்ற எழுத்தும், பின்புறத்தில் "வி.டி.பி." என்ற எழுத்துக்களும் இருந்தால், தேய்ந்த காசுக்குக்கூட பல நூறு டாலர் கொடுக்கிறார்கள்.

"வி.டி.பி." என்பது விக்டர் டேவிட் பிரென்னர். காசில் லிங்கன் உருவத்தை அமைத்த சிற்பி.

பிரென்னர் 1871-ல் லித்துவேனியாவில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். உலோகத்தில் செதுக்கும் வேலையைத் தகப்பனாரிடம் பழகினார். 1890-ல் பிழைப்புத் தேடி அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். நியூயார்க்கில் பகலில் வேலை, இரவில் படிப்பு. பிறகு பாரிஸ் சென்று, மெடல் செதுக்கும் கலையைக் கற்றுத் தேர்ந்தார்.

ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் உருவத்தை ஒரு மெடலுக்காகச் செதுக்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. பிரென்னர் செய்திருந்த லிங்கன் உருவம் ஜனாதிபதிக்குப் பிடித்துவிட்டது. 1909, லிங்கன் பிறந்த நூறாவது ஆண்டு. லிங்கன் தலை பொறித்த காசு ஆகஸ்டு 2-ந் தேதி வெளிவந்தது. வாங்குவதற்கு மக்கள் வரிசையில் நின்றார்கள்.

பின்புறத்தில், அடியில், பிரென்னர் பெயரின் முதல் எழுத்துக்கள் இருந்தன. ஊரார் காசில் ஒருவர் தன் பெயரைப் போட்டுக்கொள்வதா என்று கூச்சல் கிளம்பியது. சில நாட்களிலேயே எழுத்துக்களை எடுத்துவிட உத்தரவு வந்தது. பிரென்னர் மனம் நொந்தார்.

"எஸ்" செய்த மாயம்

பெயர் நீங்குமுன் இரண்டு ஊர்களில் காசு அடித்தார்கள். பிலடெல்பியா நாணயச்சாலையில் சுமார் 2 கோடியே 80 லட்சம்; அதில் ஊர் அடையாளம் கிடையாது. சான் பிரான்சிஸ்கோவில் 4 லட்சத்து 84 ஆயிரம்தான். அதன் அடையாளமே "எஸ்". உருவம் ஒன்று, செம்பு ஒன்று, எடை ஒன்று. எண்ணிக்கைதான் வேறு. அதனால்தான் பிலடெல்பியா காசு சுலபமாகக் கிடைக்கிறது. "எஸ்" காசுக்குப் போட்டி. பிலடெல்பியா காசில் "எஸ்" எழுத்தை ஒட்டி ஏமாற்றும் ஆசாமிகளும் உண்டு!

1918-ல் அந்த மூன்று எழுத்துக்களும் காசுக்குத் திரும்பின. லிங்கனின் தோளுக்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாத அளவில்! அதைப் பார்த்துவிட்டுத்தான் பிரென்னர் 1924-ல் கண்ணை மூடினார்.

2012-ல் செவ்வாய் கிரகத்தில் இறங்கிய "கியூரியாசிட்டி" ஊர்தியில், காமிராவைச் சரிபார்க்க ஒரு காசு பதித்திருக்கிறார்கள். அது 1909-ம் ஆண்டு "வி.டி.பி." காசு. பிலடெல்பியாவில் அடித்தது, "எஸ்" இல்லை.