புகை நகரில் பெரணி வளர்த்த டாக்டர்

செடியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து மூடினால் வாடிச் செத்துவிடும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். மூடி வைத்தால்தான் பிழைக்கும் செடிகளும் உண்டு என்று உலகுக்குக் காட்டியவர் டாக்டர் நத்தானியேல் வார்டு.

இவர் 1791-ம் ஆண்டு லண்டனில் பிறந்தார். தந்தையும் டாக்டர். 13 வயதில் வார்டு கப்பலேறி ஜமைக்கா தீவுக்குப் போனார். அங்குள்ள ஈரக்காடுகளில் தழைத்திருந்த பெரணிச் செடிகள் அவர் மனதைக் கவர்ந்தன. பெரணி பூக்காது, காய்க்காது. இலையின் அடியில் பழுப்பு நிறத் தூள் உண்டாகும். அது காற்றில் பறந்து, ஈரம் கண்ட இடத்தில் முளைக்கும்.

கருகிய தோட்டம்

ஊர் திரும்பிய வார்டு மருத்துவம் படித்தார். லண்டன் துறைமுகத்தை அடுத்து, தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதியில் வைத்தியம் பார்த்தார். வீட்டின் பின்புறம் கற்களை அடுக்கி, குழாயில் தண்ணீர் சொட்டவிட்டு, பெரணிகளை நட்டார். ஆலைகளின் கரிப்புகை அவற்றை ஒவ்வொன்றாகக் கொன்றது. வார்டு மனம் ஒடிந்து அந்த முயற்சியைக் கைவிட்டார்.

பாட்டிலில் முளைத்தது

1829-ம் ஆண்டு ஒரு பாட்டிலில் ஈரமண் இட்டு, அதில் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவைப் புதைத்து மூடி வைத்தார். பூச்சி வெளிவருவதைப் பார்ப்பதுதான் நோக்கம். ஆனால் மண்ணில் ஒரு பெரணியும் ஒரு புல்லும் தலைகாட்டின!

பகல் சூட்டில் மண்ணின் ஈரம் ஆவியானது. அது கண்ணாடியில் முத்து முத்தாகப் படிந்து, மறுபடியும் மண்ணுக்கே இறங்கியது. புகை உள்ளே நுழையவில்லை. தண்ணீர் ஊற்றாமலே அந்தச் செடிகள் ஏறக்குறைய 4 ஆண்டுகள் வாழ்ந்தன. மூடி துருப்பிடித்து மழைநீர் உள்ளே இறங்கிய பிறகுதான் மடிந்தன.

கடல் கடந்த பெட்டி

அந்நாளில் கப்பலில் அனுப்பும் செடிகளில் பெரும்பாலானவை வழியிலேயே செத்துவிடும். உப்புக்காற்று ஒரு பக்கம். நல்ல தண்ணீர்ப் பஞ்சம் மறுபக்கம். வார்டு 1833-ல் இரண்டு கண்ணாடிப் பெட்டிகளில் பெரணிகளையும் புற்களையும் வைத்து ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினார். அவை உயிரோடு போய்ச் சேர்ந்தன. மறு ஆண்டு அதே பெட்டிகளில் அந்நாட்டுச் செடிகள் புறப்பட்டன. கடுங்குளிரையும் கடும் வெயிலையும் தாண்டி, சுமார் 8 மாதம் கழித்து பசுமையாக லண்டன் வந்தன.

அதன்பின் உலகமெங்கும் இந்தப் பெட்டி பயணம் செய்தது. மலேரியாவுக்கு மருந்தான கொயினாவைத் தரும் சின்கோனா செடிகளை 1860-ல் தென் அமெரிக்காவிலிருந்து பம்பாய் வழியாக ஊட்டிக்குக் கொண்டுவந்தனர். வழியில் வெப்பத்தில் நலிந்த அவை பிழைக்கவில்லை. அடுத்த ஆண்டு வேறொரு குழு கொண்டுவந்த செடிகள் நீலகிரியில் வேர் பிடித்தன. 1876-ல் 38 பெட்டிகளில் ரப்பர் கன்றுகள் லண்டனிலிருந்து இலங்கைக்கு வந்தன. பின்னர் மலாயாவில் ரப்பர் தோட்டங்கள் பெருகின. அங்கே பால் வெட்டக் கப்பலேறியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள்.

ஏழை வீட்டு ஜன்னல்

ஆனால் வார்டு பெரிதாக நினைத்தது வேறு. 1842-ல் அவர் எழுதிய நூலில், ஏழைகளின் வாழ்வை இந்தப் பெட்டி எப்படி மேம்படுத்தும் என்பதைத் தனியாக விளக்கினார். வெளிச்சமும் பசுமையும் இல்லாத அறைகளில் நோயாளிகளைப் பார்த்துப் பழகியவர் அவர். பணக்காரர் கூடத்தை அலங்கரித்த பெட்டி, கூலித் தொழிலாளியின் ஜன்னலிலும் இருக்கவேண்டும் என்று விரும்பினார். பிரிட்டனில் கண்ணாடிக்கு இருந்த வரி 1845-ல் நீங்கியது, விலை இறங்கியது. 1851-ல் லண்டன் பொருட்காட்சியில், 18 ஆண்டுகள் தண்ணீர் ஊற்றாத செடிகள் கொண்ட பாட்டிலை வைத்தார். மக்கள் வியந்தனர். 1868-ல் வார்டு காலமானார்.

அவர் காட்டிய வழிக்குச் செலவு அதிகம் இல்லை. மழைக்காலத்தில் மும்பையின் பழைய சுவர் வெடிப்புகளிலும் பெரணி முளைக்கும். மழை நின்றதும் காய்ந்துவிடும். அதில் சிறியதாக ஒன்றை வேரோடு எடுக்கலாம். வாய் அகன்ற கண்ணாடி ஜாடியில் சிறு கற்கள், அதன்மேல் கரித்துண்டுகள், அதன்மேல் மக்கிய இலை கலந்த மண் என்று இட்டு நடவேண்டும். ஒருமுறை அளவாகத் தண்ணீர் தெளித்து மூடவேண்டும். வெளிச்சம் வேண்டும், நேர் வெயில் ஆகாது. நாள் முழுவதும் கண்ணாடி பனி மூடியதுபோல் இருந்தால் சிறிது நேரம் திறந்து வைக்கவேண்டும். தாராவியின் ஒற்றை அறையிலும் அதற்கு இடம் உண்டு.