கண்ணாடி இழையில் ஓடும் ஒளியும் பஸராவின் இப்னுல் ஹைதமும்

தம்பலகாமத்திலிருந்து கட்டாரில் உள்ள மகனோடு வாட்ஸ்அப்பில் பேசும் உம்மாவின் குரல், வழியின் பெரும்பகுதியைக் கடலடியில் கிடக்கும் மயிரிழை போன்ற கண்ணாடிக்குள் ஒளித்துடிப்பாகவே கடக்கிறது. உட்கண்ணாடியின் ஒளியடர்த்தி அதைச் சுற்றியுள்ள கண்ணாடியை விடச் சற்று அதிகம். அதனால் எல்லையில் சாய்வாக மோதும் ஒளி வெளியேறாமல் உள்ளுக்கே திரும்புகிறது. ஒளி பற்றிய இந்த அறிவைத் தேடிப் போனால், வழியில் இப்னுல் ஹைதமைச் சந்திக்காமல் இருக்க முடியாது.

965 அளவில் பஸராவில் பிறந்தவர். நைல் நதியின் வெள்ளத்தையும் வரட்சியையும் சீர்செய்யத் தன்னால் முடியும் என்று சொன்னாராம். கந்தளாய்க் குளத்தை நம்பி வயல் செய்வோருக்கு அந்தப் பேச்சின் கவர்ச்சி விளங்கும். பாத்திமிய கலீபா அல்-ஹாகிம் அவரைக் கெய்ரோவுக்கு அழைத்தார். அஸ்வான் பக்கம் வரை போய்ப் பார்த்தவர், இது நடக்காது என்று கண்டுகொண்டு, திரும்பிவந்து அதை ஒப்புக்கொண்டார். ஆட்சியாளரிடம் அப்படிச் சொல்ல எத்தனை பேருக்குத் துணிவு வரும்? பின்னர் கலீபாவின் கோபத்துக்கு அஞ்சிப் பைத்தியம்போல் நடித்து, 1021இல் அல்-ஹாகிம் மறையும்வரை வீட்டுக்குள் அடைபட்டிருந்தார் என்பது இரு நூற்றாண்டு கழித்து இப்னுல் கிஃப்தி எழுதிய வரலாறு. அதன்பின் அல்-அஸ்ஹர் பள்ளிவாசல் அருகே தங்கி, யூக்ளிட், தொலமி நூல்களைப் பிரதியெடுத்துப் பிழைத்தார்.

அவருடைய கிதாபுல் மனாழிர் ஏழு பாகங்கள் கொண்டது. கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுகிறது என்று யூக்ளிடும் தொலமியும் சொன்னதை மறுத்து, பொருளிலிருந்து வரும் ஒளியே கண்ணை அடைகிறது என நிறுவினார். இருட்டறையின் சிறு துவாரத்துக்கு எதிரே பல விளக்குகளை வைத்தார். உள்ளே ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஒளிப்புள்ளி விழுந்தது. ஒரு விளக்கை மறைத்தால் அதன் புள்ளி மட்டுமே மறைந்தது. ஒளிகள் குறுக்கிட்டாலும் ஒன்றையொன்று குழப்புவதில்லை. இன்று ஒரே இழைக்குள் பல நிற ஒளிகள் வெவ்வேறு செய்திகளைச் சுமப்பதும் இதனால்தான். ஏழாம் பாகம் முழுக்க ஒளி முறிவு பற்றியது. காற்றிலிருந்து நீருக்கோ கண்ணாடிக்கோ நுழையும் ஒளி வேகம் குறைந்து வளைகிறது என்றார்.

எல்லாவற்றையும் நம்மவர் அன்றே கண்டுபிடித்துவிட்டார்கள் என்று எழுதும் பழக்கம் நமக்குண்டு. கேபிளை அவர் கண்டுபிடிக்கவில்லை. ஒளி முறிவின் சரியான விதியைக்கூட அவருக்கு முன்பே, 984 அளவில், பக்தாதில் இப்னு ஸஹ்ல் வரைந்துவிட்டார். இழைக் கற்றை வழியாகப் படத்தைக் கடத்திக் காட்டி 1954இல் எழுதியவர்களுள் ஒருவர் பஞ்சாபில் பிறந்த நரீந்தர் சிங் கபானி. தூய கண்ணாடி இழையில் தொலைதூரம் செய்தி அனுப்பலாம் என்று 1966இல் காட்டிய சார்ள்ஸ் காவோ 2009இல் நோபல் பரிசு பெற்றார். இப்னுல் ஹைதம் விட்டுச்சென்றது, சோதித்துப் பார்க்காமல் எதையும் ஏற்காத முறை.

1040 அளவில் கெய்ரோவில் காலமானார். அவரது நூலின் லத்தீன் மொழிபெயர்ப்பு 1572இல் பாசல் நகரில் அச்சாகி ஐரோப்பா முழுதும் படிக்கப்பட்டது. அரபு மூலத்தின் முதல் மூன்று பாகங்கள் குவைத்தில் பதிப்பிக்கப்பட்டதோ 1983இல்.