உண்மையைச் சொன்னார், வேலை போனது!

மார்பில் வீரப்பதக்கம். பணிப்பதிவேட்டில் நல்ல பெயர். 12 ஆண்டு சர்வீஸ். ஆனாலும் அமெரிக்க விமானப்படை அவரை வீட்டுக்கு அனுப்பியது. அவர் செய்ததெல்லாம், தன்னைப்பற்றிய உண்மையைச் சொன்னதுதான்!

அவர் பெயர் லெனர்ட் மேட்லோவிச்.

வியட்நாமில்

1943-ம் ஆண்டு ஜார்ஜியா மாநிலத்தில் பிறந்தார். தந்தையும் விமானப்படைக்காரர். மகன் 1963-ல் படையில் சேர்ந்தார். வியட்நாம் போருக்கு 3 முறை போனார். கண்ணிவெடியில் சிக்கிப் படுகாயம் அடைந்தார். வெண்கல நட்சத்திரப் பதக்கமும், களத்தில் காயம்பட்டோருக்கான பதக்கமும் கிடைத்தன.

பிறகு, வெள்ளை வீரர்களும் கருப்பு வீரர்களும் ஒற்றுமையாக இருக்கப் பாடம் நடத்தும் வேலை. அடுத்தவருக்கு நீதி சொல்லிக்கொடுத்தவருக்கு, தனக்கும் நீதி வேண்டும் என்ற எண்ணம் பிறந்தது.

அவர் பெண்களை அல்ல, ஆண்களை நேசிக்கும் இயல்பு உடையவர். அப்படிப்பட்டவருக்குப் படையில் இடம் இல்லை என்பது அன்றைய விதி. மறைத்தால் வேலை நிலைக்கும், சொன்னால் போய்விடும்.

கடிதம்

1975 மார்ச் மாதம், வர்ஜீனியாவில் லாங்லி விமானத்தளத்தில் மேலதிகாரியிடம் ஒரு கடிதத்தை நீட்டினார். அதில் எல்லாவற்றையும் எழுதியிருந்தார். இதற்கு என்ன அர்த்தம் என்று திகைத்துக் கேட்டார், கருப்பரான அந்த அதிகாரி. வெள்ளையர், கருப்பர் பிள்ளைகளைப் பிரித்துவைத்த பள்ளிகளுக்கு எதிராக 1954-ல் வந்த சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பை நினைவூட்டினார், மேட்லோவிச்.

செப்டம்பரில் "டைம்" பத்திரிகையின் அட்டையில், ராணுவ உடையோடு அவர் படம் வந்தது. நாடே பேசியது.

இனி அப்படி நடக்கமாட்டேன் என்று எழுதிக்கொடுத்தால் வேலையில் நீடிக்க வழி உண்டா என்று விசாரணையில் பார்த்தார்கள். அவர் மறுத்துவிட்டார். அக்டோபரில் வேலை பறிபோனது.

தீர்ப்பு

கோர்ட்டுக்குப் போனார். வழக்கு 5 ஆண்டு இழுத்தது. சிலருக்கு விதிவிலக்கு தரலாம் என்று விதியிலேயே இருந்தது. இவருக்கு ஏன் தரவில்லை என்பதற்கு விமானப்படையால் சரியான விளக்கம் கொடுக்க முடியவில்லை. 1980-ல், அவரைத் திரும்ப வேலையில் சேர்க்கும்படி நீதிபதி உத்தரவிட்டார்.

ஆனால், திரும்பப் போனாலும் வேறு காரணம் காட்டி நீக்கிவிடுவார்கள் என்று அவர் எண்ணினார். 1 லட்சத்து 60 ஆயிரம் டாலர் பெற்றுக்கொண்டு சமரசம் ஆனார். அவர் வென்றார், விதி மாறவில்லை.

1988 ஜூன் 22-ந்தேதி எய்ட்ஸ் நோயால் இறந்தார். வயது 44. வாஷிங்டனில் ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்யப்பட்டார். தலைமாட்டுக் கல்லை அவரே முன்கூட்டி அமைத்துவைத்திருந்தார். அதில் தன் பெயரைப் பொறிக்கவில்லை. தன்னைப்போன்ற எல்லா வீரர்களுக்கும் அது சொந்தமாகட்டும் என்று நினைத்தார்.

1993-ல், வாயைத் திறக்காமல் இருந்தால் பணியில் இருக்கலாம் என்று சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தால் 13 ஆயிரம் பேருக்குமேல் வேலை இழந்தனர். 2011 செப்டம்பர் 20-ந்தேதி அதுவும் ஒழிந்தது. அன்றுமுதல், ஆணை நேசிக்கும் ஆணும் பெண்ணை நேசிக்கும் பெண்ணும் அதைச் சொல்லிவிட்டே படையில் பணியாற்ற முடிந்தது. அதைப் பார்க்க மேட்லோவிச் இல்லை. அவர் கடிதம் கொடுத்து அப்போது 36 ஆண்டுகள் ஆகியிருந்தன.