கணக்கு எழுதிய கை... கவிதை பொழிந்த மனம்!

விடியற்காலையில் வாசல் தெளித்து, புள்ளி வைத்துக் கோலம் போடக் குனிகிறீர்கள். கடைசி இழையை முடித்து நிமிரும்போதுதான், 'அட, நன்றாக வெளுத்துவிட்டதே' என்று தெரிகிறது. அத்தனை நேரமும் வீட்டுக் கவலை ஒன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை. கை அதுபாட்டுக்கு இழுத்தது. மனசு அதோடு ஒன்றிப் போயிருந்தது. இல்லையா?

இந்த லயிப்பை வாழ்நாள் முழுக்கத் தேடி, கண்டடைந்து, பாடல்களாகப் பொழிந்தவர் ஒரு மகான். அவர்தான் தாயுமானவர்! ராமேஸ்வரம் போகும் வழியில் நாம் கடந்து செல்கிற ராமநாதபுரத்தில், லட்சுமிபுரத்தில் இருக்கிறது அவருடைய சமாதி.

அவருடைய தந்தை கேடிலியப்ப பிள்ளை, வேதாரண்யத்துக்காரர். மூத்த மகனைத் தன் அண்ணனுக்கு ஸ்வீகாரம் கொடுத்துவிட்டு, இன்னொரு பிள்ளை வேண்டும் என்று திருச்சி மலைக்கோட்டை இறைவனை வேண்டிக்கொண்டார். கஜவல்லி அம்மையார் வயிற்றில் பிறந்தது ஆண் குழந்தை. பேறுகாலத்தில் தவித்த பெண்ணுக்குத் தாயாகவே வந்து பிரசவம் பார்த்த ஈசனின் திருநாமத்தையே குழந்தைக்குச் சூட்டினார்கள்.

திருச்சியை ஆண்ட விஜயரங்க சொக்கநாத நாயக்கரின் அரண்மனையில் தந்தை பார்த்த கணக்கு வேலை, அவருக்குப் பிறகு மகனுக்கு வந்தது. பகலெல்லாம் வரவு-செலவு, ஓலைகள், அரசாங்கக் காரியங்கள். நெஞ்சிலோ இறைவனின் நினைப்பு!

ஒருநாள் அரசவையில் முக்கியமான ஓலை ஒன்றைக் கையில் வைத்திருந்தவர், அதைத் திடீரெனக் கசக்கிவிட்டாராம். எல்லோரும் திடுக்கிட்டனர். சற்று நேரத்தில் திருவானைக்காவிலிருந்து அர்ச்சகர்கள் ஓடி வந்தார்கள். அகிலாண்டேஸ்வரியின் புடவையில் கற்பூரத் தீ பற்றியதாகவும், இவரே வந்து கசக்கி அணைத்ததாகவும் சொன்னார்கள். இன்றும் பக்தியோடு சொல்லப்படும் செவிவழிக் கதை இது.

ஊர் இதை அற்புதம் என்று கொண்டாடியது. அவருக்கோ நிம்மதி இல்லை! மதம் பிடித்த யானையையும் வசப்படுத்தலாம், இந்த மனதை அடக்கிச் சும்மா இருப்பதுதான் அரிது என்று பின்னாளில் பாடியவர் அல்லவா? வழிகாட்டத் திருச்சியிலேயே கிடைத்தார் மௌனகுரு. எல்லாவற்றையும் உதறிவிட்டு அவர் பின்னால் போகத் துடித்தார் தாயுமானவர். குருவோ, இல்லறத்தில் இருந்து ஒரு பிள்ளையைப் பெற்ற பிறகு துறவு கொள்ளலாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார். அடுப்பும் பாத்திரமும் தவத்துக்குத் தடை இல்லை என்று சொல்லாமல் சொன்னார் போலும்!

1732-ல் அரசர் காலமானார். பட்டத்துக்கு வந்த ராணி மீனாட்சியின் நாட்டம் தம் மீது திரும்புவதை உணர்ந்தவர், பதவி, செல்வாக்கு எல்லாவற்றையும் விட்டுவிட்டு இரவோடு இரவாகக் கிளம்பினார் என்கிறது வரலாறு. உடன் வந்தவர் உறவினரும் சீடருமான அருளையர். அடைக்கலம் தந்தது சேதுபதிகளின் ராமநாதபுரச் சீமை.

பிறகு உறவினர்கள் வந்து அழைத்துப்போய், மட்டுவார்குழலி என்ற பெண்ணை மணம் செய்து வைத்தார்கள். கனகசபாபதி என்ற மகன் பிறந்தான். ஆனால் சீக்கிரமே மனைவி காலமாகிவிட்டார். வேலையும் இல்லை, துணையும் இல்லை. நாமாக இருந்தால் இடிந்து உட்கார்ந்திருப்போம். அவர் மகனைத் தமையனிடம் ஒப்படைத்துவிட்டுத் துறவு பூண்டார். தலங்கள் தோறும் சென்றார். முடிவில் வந்து சேர்ந்தது, முன்பு அடைக்கலம் தந்த அதே ராமநாதபுரம்!

இன்று நமக்குக் கிடைத்திருப்பவை 56 தலைப்புகளில் 1452 பாடல்கள். அவர் பாடப் பாட, அருளையர் ஏட்டில் எழுதினார் என்பார்கள். அவற்றில் ஒரு காட்சி நமக்காகவே அமைந்தது. பூஜைக்குப் பூப்பறிக்கப் போகிறார். பனித்துளியோடு நிற்கும் பூவுக்குள்ளும் இறைவனே இருப்பதாகத் தெரிகிறது. பறிக்க மனம் வரவில்லை! பூஜை அறைக்குப் போகும் முன்பே, பூச்செடி முன்னாலேயே பூஜை முடிந்துவிட்டது.

கவனித்தீர்களா? புதிதாக எதையும் அவர் தேடிப் போகவில்லை. நாம் தினமும் செய்கிற அதே காரியம்தான். மனசு முழுசாக அங்கே இருந்தது, அவ்வளவுதான்!

நாளைக் காலை பூப்பறிக்கும்போதோ, பூத்தொடுக்கும்போதோ, கால் மணி நேரம் செல்போனை வேறு அறையில் வைத்துவிடுங்கள். நூலையும் காம்பையும் மட்டும் பாருங்கள். மனசு ஓடினால் கோபிக்க வேண்டாம்; திரும்பக் கூட்டி வாருங்கள். அவருக்கே ஓடிய மனசுதானே!

தை மாத விசாகம், தாயுமானவரின் குருபூஜை நாள். அடுத்த முறை ராமேஸ்வரத்தில் தீர்த்தமாடிவிட்டுத் திரும்பும்போது, லட்சுமிபுரத்திலும் சற்று இறங்குங்கள். வேண்டுதல் பட்டியல் எதுவும் வேண்டாம். கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டு வாருங்கள்!