27 வயதில் ஓவியம் கற்றவர்

ஓவிய வகுப்பு வந்தாலே, நமக்கு வரைய வராது என்று ஒதுங்கிக்கொள்பவரா நீங்கள்? அப்படியானால் வின்சென்ட் வான்கோவின் கதையைக் கேளுங்கள்.

1853-ஆம் ஆண்டு மார்ச் 30-ஆம் தேதி நெதர்லாந்து நாட்டின் சுண்டெர்ட் கிராமத்தில் பிறந்தார் வான்கோ. 16 வயதில் ஓவியங்கள் விற்கும் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். சில ஆண்டுகளில் அந்த வேலை போனது. பிறகு இங்கிலாந்தில் ஆசிரியர், புத்தகக் கடை ஊழியர், பெல்ஜியத்தின் நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் மதபோதகர் என்று பல வேலைகள் பார்த்தார். எதுவும் நிலைக்கவில்லை.

1880-ஆம் ஆண்டு, 27 வயதில், ஓவியராவது என்று முடிவு செய்தார். அவருடைய தம்பி தியோ மாதாமாதம் பணம் அனுப்பி உதவினார்.

ஓவியப் பயிற்சித் தொகுப்பு ஒன்றிலிருந்த படங்களைப் பார்த்துப் பார்த்து வரைந்தார். முடிந்ததும் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார்! பிரெஞ்சு ஓவியர் மில்லேயின் 'விதைப்பவன்' படத்தையும் அப்படியே வரைந்து பழகினார். தொலைவில் இருப்பதைச் சரியான அளவில் வரைய, மரச்சட்டத்தில் நூல்களைக் கட்டி, அதன் வழியாகப் பார்த்து வரைந்தார்.

1885-ல் 'உருளைக்கிழங்கு உண்பவர்கள்' ஓவியத்தைத் தீட்டினார். அதற்காக மட்டும் சுமார் 40 விவசாயிகளின் முகங்களை வரைந்து பயிற்சி எடுத்தார். ஆனாலும் ஓவிய நண்பர் ஒருவரே அந்தப் படத்தைக் கடுமையாகக் குறை கூறினார்.

1886-ல் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகர ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். அங்கே சிலைகளைப் பார்த்து நுணுக்கமாக வரைய வேண்டும். வான்கோவோ தடித்த கோடுகளால் வேகமாக வரைந்தார். அவரைத் தொடக்க வகுப்புக்கு இறக்க ஆசிரியர்கள் தீர்மானித்தார்கள். அதற்குள் அவர் பாரிஸ் போய்விட்டார்!

பாரிஸிலும் ஒரு பயிற்சிக்கூடத்தில் சேர்ந்தார். புதிய ஓவியர்களின் பளிச்சென்ற வண்ணங்களும் ஜப்பானிய ஓவியங்களும் அவரைக் கவர்ந்தன. மாடலாக நிற்பவர்களுக்குக் கொடுக்கப் பணமில்லை. அதனால் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தே 20-க்கும் மேற்பட்ட படங்கள் தீட்டினார். இருண்டிருந்த அவருடைய ஓவியங்களில் வெளிச்சம் வந்தது. 1888-ல் சூரியகாந்திப் பூக்களையும், 1889-ல் 'விண்மீன்கள் நிறைந்த இரவு' ஓவியத்தையும் படைத்தார்.

நோயுற்று மருத்துவமனையில் தங்கியிருந்தபோதும் தூரிகையை விடவில்லை. அங்கே, தொடக்க நாட்களில் பார்த்து வரைந்த அதே 'விதைப்பவனை' மீண்டும் எடுத்தார். இம்முறை மஞ்சளும் நீலமும் அள்ளிப் பூசினார். மில்லேயின் படத்தைப் பார்த்து வரைந்ததுதான். ஆனால் பார்ப்பவர்கள் அது வான்கோவின் கைவண்ணம் என்று உடனே சொல்லிவிடுவார்கள்!

1890-ஆம் ஆண்டு ஜூலை 29-ஆம் தேதி, 37-ஆவது வயதில் வான்கோ காலமானார். வாழ்ந்தபோது அவருடைய ஓவியங்களை வாங்க ஆளில்லை என்றே சொல்லலாம். ஆனால் பத்தே ஆண்டுகளில் 800-க்கும் மேற்பட்ட வண்ண ஓவியங்களைத் தீட்டியிருந்தார். அவருக்கென்றே ஆம்ஸ்டர்டாம் நகரில் 1973-ல் ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது.

குழந்தைகளே, அடுத்த ஓவிய வகுப்பில் உங்கள் கோடு கொஞ்சம் கோணலாக வந்தால் அழித்துவிட்டு ஒதுங்காதீர்கள். இன்னொரு தாளை எடுங்கள்!